மருந்தும் உரிமையும்

வைத்தியர் சொற்படி வாய்மூடிக் கிடப்பதே நோயாளியின் கடமை என்பது உலக வழக்கம். அவ்வழக்கத்தை மீறியவர்களின் சரிதையை ராபின் காம்பியோ என்னும் பிரெஞ்சு டைரக்டர் 2017-ல் "நிமிஷத்திற்கு 120 துடிப்புகள்" என்ற படமாக்கினார். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் அது கிராண்ட் பிரீ பரிசு பெற்றது.

எய்ட்ஸ் நோயை விளைக்கும் வைரஸ் 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்திலேயே கண்டறியப்பட்டது. ஆயினும் 1990-களின் தொடக்கத்திலும் அந்நகரத்து வாலிபர்கள் தக்க மருந்தின்றி மடிந்துகொண்டிருந்தனர். ஆண்களை நேசிக்கும் ஆண்களும், ஊசியால் போதை கொள்வோருமே மாள்கின்றனர் என்றெண்ணிப் பலர் வாளாவிருந்தனர். அம்மௌனத்தைக் கலைக்க 1989-ல் எழுந்தது "ஆக்ட் அப் பாரிஸ்" என்னும் சங்கம். காம்பியோவும் அதில் அங்கத்தினராயிருந்தவரே.

படத்தில் அச்சங்கத்தார் வாரந்தோறும் கூடி வாதிக்கின்றனர். கரகோஷம் பேச்சைத் தடுக்குமென்று விரல்களைச் சொடுக்கி ஆமோதிக்கின்றனர். பரிசோதனை முடிவுகளை மறைத்துவைத்த மருந்துக் கம்பெனிக்குள் புகுந்து செயற்கை இரத்தத்தை வீசுகின்றனர். இஃது ஆத்திரத்தின் செயல். ஆனால் அவர்கள் ஆத்திரத்தோடு நிற்கவில்லை. வைத்திய சாஸ்திரத்தைத் தாமே கற்று, நிபுணர்களோடு சரிநிகராக விவாதிக்கின்றனர். கம்பெனியார் அஞ்சியது இரத்தக் கறைக்கன்று, இந்த அறிவுக்கே என்போம்.

கதாநாயகனான ஷான் நல்ல மருந்தைக் காணாமலே மாள்கிறான். பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சை 1996-ல் பரவி, மரணங்களை வெகுவாகக் குறைத்தது. அதற்கு முன் போனவர்கள் திரும்பி வரவில்லை. தாமதத்திற்கு விலை கொடுப்பவன் நோயாளியே. ஆகையால் கேள்வி கேட்கும் உரிமையும் முதலில் அவனுடையதே.