மலையின் பெயர் மகனுக்கு

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு நிலாவெளி வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர் உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அடைவர். பெயரில் தீவு இருப்பினும், தரைவழியே சென்று சேரக்கூடிய ஊர்தான் அது. ஊர்ப் பெயர்களே இவ்வாறு நம்மைச் சிந்திக்க வைக்கும்போது, ஆட்பெயர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

இப்பகுதியிலே முதியோர் சிலருக்கு வழங்கிவந்த ஓர் ஆண்பெயர் உண்டு. மட்டக்களப்புப் பக்கத்திலும் அது கேட்டதுண்டு. கோணாமலை என்பதே அப்பெயர். மலையொன்றின் பெயரை அப்படியே மகனுக்குச் சூட்டி, "தம்பி கோணாமலை, இங்கே வா" என்று அழைத்த தாய்மார் வாழ்ந்த மண் இது. இன்றைய பள்ளிக்கூட இடாப்புகளில் அப்பெயரைத் தேடிப் பார்ப்பது அரிய காரியமாகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது, ஏன் அருகிப்போனது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

தலமே இறைவன்

தலத்தின் பெயரை மக்களுக்கு இடுவது தமிழரின் பழைய வழக்கம். சிதம்பரம், பழனி, அண்ணாமலை ஆகியவை ஊருக்கும் மலைக்கும் உரிய பெயர்களாயினும், அவற்றைத் தாங்கிய ஆடவர் எண்ணற்றோர். கப்பலோட்டிய தமிழரான வ. உ. சி.யின் பெயர் சிதம்பரம். 1929ஆம் ஆண்டு சிதம்பரத்திலே பல்கலைக்கழகம் கண்ட வள்ளல் அண்ணாமலை. ஒரு தலத்தின் பெயர் கொண்டவர் இன்னொரு தலத்தில் கல்விக்கோயில் எழுப்ப, அக்கோயிலும் அவர் பெயராலே வழங்குகின்றது! ஈழத்திலே கதிர்காமத்தை நினைந்து கதிர்காமர், கதிர்காமத்தம்பி, கதிர்காமநாதன் என்று பெயரிட்டனர். அதே வரிசையில் வருவதே கோணாமலை.

இவ்வழக்கத்தின் உட்பொருளை அறிய அஜாமிளன் கதை துணைசெய்யும். நெறி தவறி வாழ்ந்த அவன் சாகும் தறுவாயில் தன் இளைய மகனை "நாராயணா" என்று கூவி அழைத்தான். அப்பெயரே அவனைக் காத்தது என்பது பாகவதம் கூறும் வரலாறு. நாள்தோறும் பத்து முறை பிள்ளையை அழைக்கும் பெற்றோர், பத்து முறை தலத்தையும் நினைந்தவராகின்றனர். வேலைப்பளுவினால் கோயிலுக்குப் போக முடியாத உழவனுக்கும் கடலோடிக்கும் இது எளிய வழிபாடு அன்றோ?

சொல் வந்த வழி

வடமொழி நூல்களும் பாளி நூலாகிய மகாவம்சமும் இத்துறைமுகத்தைக் கோகர்ணம், கோகண்ணம் என்று குறிக்கின்றன. தமிழிலோ 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் தேவாரப் பதிகத்தில் இத்தலத்தைக் கோணமாமலை என்று போற்றினார். கோணம் என்பது மூலை, முனை எனப் பொருள்படும். கடலினுள் முனையாக நீண்டு செங்குத்தாய் நிற்கும் அம்மலையைக் கண்டவர் பெயரின் பொருத்தத்தை ஐயுறார். கோணமாமலை மக்கள் நாவிலே சுருங்கிக் கோணாமலை ஆயிற்று எனக் கொள்ளலாம். 'திரு' என்னும் அடை சேர்ந்து ஊர்ப்பெயராயிற்று. அடை நீங்கி ஆட்பெயராயிற்று.

ஐரோப்பியர் நாவிலே அது 'டிரிங்கோமலி' என்று திரிந்தது. அத்திரிந்த பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817ஆம் ஆண்டு பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்டது. இன்றும் அது இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கின்றது. மலையின் பெயர் மனிதனுக்கு மட்டுமன்றிக் கப்பலுக்கும் போயிற்று!

சாம்பல்தீவுக்கு அப்பாலுள்ள நிலாவெளியிலே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. கோண பர்வதத்துச் சிவன் கோயிலின் நித்திய வழிபாட்டுக்காக 250 வேலி நிலம் வழங்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. ஒரு வேலி ஏறக்குறைய ஆறேமுக்கால் ஏக்கராதலின், ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அது. ஆகவே இவ்வட்டாரத்து மக்களுக்குக் கோணமலை தொலைவில் தெரியும் காட்சி மட்டும் அன்று. அவர்கள் உழுத மண்ணோடும் உண்ட சோற்றோடும் தொடர்புற்ற பெயர்.

ஏன் அரிதாயிற்று?

அண்ணாமலையும் சிதம்பரமும் ஊர்தோறும் வழங்க, கோணாமலை மட்டும் ஏன் அருகியது? முதற்காரணம், அது ஒரு வட்டாரத்துக்கே உரிய பெயர். இரண்டாவது, வரலாறு செய்த கொடுமை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, மலைமேல் இருந்த கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை எழுப்பினான். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உச்சியிலே பழைய கோயில் இல்லை. அடியார்கள் வெறும் பாறைக்கும் கடலுக்கும் மலரும் கற்பூரமும் காட்டி வணங்கினர். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயம் வழிபாட்டைக் காத்துவந்தது. கோயில் இல்லாத அந்தக் காலத்திலும் மகனுக்குக் கோணாமலை என்று பெயரிட்டவர் இருந்திருப்பரேல், இடிக்க முடியாத கோயிலொன்றை அவர்கள் தம் வீட்டிலே கட்டினர் என்றே சொல்ல வேண்டும்.

பின்னர்க் காலம் திரும்பிற்று. 1950ஆம் ஆண்டு கிணறு தோண்டியபோது பழைய தெய்வப் படிமங்கள் வெளிப்பட்டன. 1956ஆம் ஆண்டு ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியிலே கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். புதிய ஆலயத்துக்கு 1963ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோயில் மீண்டது, ஆனால் பெயரோ வேறு வடிவம் கொண்டது. கோணேசர், கோணேஸ்வரர் என்னும் இறைவன் திருநாமங்களை ஒட்டிக் கோணேசபிள்ளை, கோணேசன், கோணேஸ்வரன், கோணலிங்கம் என்னும் பெயர்கள் வழங்கலாயின. படித்த குடும்பத்தாருக்கு வடமொழி முடிபு நாகரிகமாகத் தோன்றிற்று. மலை பின்னால் நின்றது. ஈஸ்வரன் முன்னால் வந்தான். பெண்மக்களுக்கோ அம்மையின் திருநாமமாகிய மாதுமையாளை நினைந்து மாதுமை என்று இட்டனர். எத்துணை இனிய பெயர்!

மூன்றாவது காரணம் சிறியது. ஆயினும் பிள்ளைகளைக் கேட்டால் அதுவே பெரியது என்பர். கோணாமலை என்ற பையனைக் "கோணல்" என்று தோழர் கேலி செய்தல் எளிது. கோணம் வேறு, கோணல் வேறு என்று இலக்கணம் கற்பிக்க விளையாட்டுத் திடலில் நேரம் ஏது?

முப்பத்தொராம் நாள்

இனி, இன்றைய வீடொன்றை எண்ணிப் பாருங்கள். ஆண்மகவு பிறந்து முப்பத்தொராம் நாள், துடக்குக் கழிவு. இலங்கைச் சட்டப்படி 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டுமாகையால் பெயரைப் பற்றிய பேச்சு சூடாக நிகழ்கின்றது. தந்தை எண்சாத்திரம் பார்த்து, 'ஷ்' என்று முடியும் ஈரெழுத்துப் பெயரொன்றை எழுதி வந்திருக்கின்றார். மூலையிலே இருக்கும் அப்பாச்சி மெல்லக் கேட்கின்றார்: "உன்ரை அப்பப்பாவின் பெயரை வைத்தால் என்ன, மோனை?"

அக்கேள்வி வெறும் முதுமையின் பிடிவாதம் அன்று. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். நம்மவரிடையே குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் பெயருக்கு முன் நிற்கின்றது. ஆகையால் ஒருவருடைய பெயர் மகன் காலத்தில் ஓர் எழுத்தாகச் சுருங்கி, பேரன் காலத்தில் முற்றும் மறைந்துபோகும். அதனைத் தடுக்க முன்னோர் கண்ட உபாயமே பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், எத்துணைத் தொன்மையான பெயரும் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் குடும்பத்தை விட்டு நீங்கிவிடும்.

நாள்மீன் பார்த்தே பெயரிடுவோம் என்பாருக்கும் இங்கே தடையில்லை. புனர்பூசத்துக்கும் சதயத்துக்கும் உரிய எழுத்துகளுள் 'கோ' ஒன்று. சதயம் இராசராச சோழன் பிறந்த நாள்மீன் என்பதையும் அப்பாச்சிமார் நினைவூட்டலாம்!

விந்தை ஒன்றையும் கூறவேண்டும். 1980களிலும் 1990ஆம் ஆண்டிலும் திருகோணமலை மாவட்டத்தில் நேர்ந்த இடப்பெயர்வுகளால் வீடிழந்தோர் பலர். கடல்கடந்து குடியேறியோரும் பலர். கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடும்பப்பெயர் கேட்கப்பட்டபோது, நம்மவர் பெரும்பாலும் தந்தையின் பெயரையே எழுதிக் கொடுத்தனர். அது பின்பு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொடரும் பெயராயிற்று. ஆகவே பிறந்த மண்ணிலே ஓரெழுத்தாகிக் கரைந்துவிடும் பாட்டன் பெயர், பனி பெய்யும் நாட்டிலே பள்ளி இடாப்பில் முழுமையாக வாசிக்கப்படலாம். அதனைத் தாங்கும் சிறுவன் மலையைக் கண்டிருக்கமாட்டான்; ஆயினும் மலை அவனோடு இருக்கும்.

மாணவர்களே, ஒரு சிறு வேலை. இந்த ஞாயிறு மாலையில் வீட்டுப் பெரியோரை அணுகி, தந்தை, பாட்டன், பூட்டன் என நினைவு எட்டும்வரை பெயர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெண்வழிப் பெயர்களையும் விடாதீர்கள். ஒவ்வொன்றும் எத்தலத்தையோ எவ்வூரையோ சுட்டுவதைக் காண்பீர்கள். இடம்பெயர்ந்தபோது உறுதிகளும் படங்களும் தொலைந்த வீடுகளில், எஞ்சிய ஆவணம் அப்பெயர்கள் மட்டுமாகவும் இருக்கலாம்.

எல்லாக் குழந்தைக்கும் பழம்பெயரே இடுக என்று எவரும் வற்புறுத்த முடியாது. பெயரைச் சுமப்பது பிள்ளை அன்றோ? ஆயினும் அப்பாச்சியின் கேள்விக்கு ஒரு விடையேனும் கூறிவிட்டுப் பதிவுப் பத்திரத்தில் கையொப்பமிடுவோம். அவர் கேட்டது ஒரு மனிதரின் பெயர் மட்டும் அன்று; முந்நூறு ஆண்டு கோயிலின்றி நின்றும் மக்கள் கும்பிட மறவாத ஒரு மலையின் பெயர்.