சின்னஞ்சிறு விலங்கின் சதையித் தீவுகள்

அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழும் கொழுவால் டன்னாட், சுண்டெலியளவான பைம்மா. நிறை ஏறத்தாழ 15 கிராம். இரவிற் பூச்சிகளை உண்டு, மிகுந்ததைக் கொழுப்பாக வாலிற் சேமித்து, இரை அருகுங் காலத்தில் அதனைக்கொண்டு உயிர்வாழ்கின்றது. இச் சேமிப்பையும் செலவையும் ஆள்வது எது என வினவின், இரைப்பையை அடுத்துள்ள சதையியை நாம் நோக்குதல் வேண்டும்.

சதையியின் பெரும்பகுதி சமிபாட்டு நீரைச் சுரந்து கான் வழியே குடலுக்கு அனுப்பும். அதனிடையே, கடலிடைத் தீவுகள் போலச் சிறு கலத்திரள்கள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றிற்குக் கான் இல்லை. சுரந்த ஓமோன் நேரே குருதியிற் கலக்கும். பீற்றாக் கலங்களின் இன்சுலின், குருதியிலுள்ள வெல்லத்தை இழையங்களிற் சேமிக்கச் செய்யும். அல்பாக் கலங்களின் குளுக்ககன், பசித்தவேளை ஈரலிலிருந்து வெல்லத்தை வெளிப்படுத்தும். நம் உடலிலும் இம்முறையே நிகழ்கின்றது.

இத் தீவுகளை 1869இல் முயலின் சதையியிற் கண்டு விவரித்தவர், பேர்லின் மாணவரான போல் இலங்கர்கான்சு. அவற்றின் தொழிலை அவர் அறிந்திலர். 1921இல் ரொறன்ரோவில் பாண்டிங்கும் பெஸ்ற்றும் சதையியிலிருந்து இன்சுலினைப் பெற்றனர். 1922 சனவரியில் அது நீரிழிவுற்ற சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. அதுவரை அந்நோயுற்ற சிறுவர் பிழைத்தல் அரிது.

பயன் அறியாத காலத்துச் செய்த நுண்ணாய்வே பின்னர் உயிர்காத்தது. ஆதலின், சிற்றுயிரின் உள்ளுறுப்பை ஆராய்வாரை வீண்வேலை செய்வாரென நாம் இகழாதிருப்போமாக.