பழைய ஒயின் தயாரித்த 'டாக்டர் கான்டி'! நாக்கு நிபுணர்கள் ஏமாந்த கதை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டி ஆர்காடியா என்று ஓர் ஊர் இருக்கிறது. 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந்தேதி காலையில் அங்குள்ள ஒரு வீட்டுக்குள் எப்.பி.ஐ. போலீசார் திபுதிபுவென்று நுழைந்தார்கள்.

அவர்கள் தேடி வந்தது துப்பாக்கியை அல்ல. கள்ள நோட்டையும் அல்ல. ஒயின் பாட்டில்களை!

சமையல் அறைத் தொட்டியில் பழைய பாட்டில்கள் தண்ணீரில் ஊறிக்கொண்டு இருந்தன. ஒட்டியிருக்கும் லேபிள் கழன்று வரட்டும் என்று ஊறப் போட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கில் லேபிள்கள். கார்க்குகள், மூடி மேல் ஊற்றும் மெழுகு, ஆண்டு குத்தும் ரப்பர் ஸ்டாம்புகள் என்று ஒரு தொழிற்சாலையே அங்கு நடந்து வந்திருக்கிறது.

வீட்டில் இருந்தவர் பெயர் ரூடி குர்னியவான். அப்போது வயது 35. இந்தோனேசியாவைச் சேர்ந்தவர். மாணவர் விசாவில் அமெரிக்கா போனவர், நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்த பிறகும் டிமிக்கி கொடுத்துவிட்டு அம்மாவோடு அங்கேயே தங்கிவிட்டார்.

கெட்டிக்கார நாக்கு

கோடீசுவரர்கள் நடுவே இவருக்கு 'டாக்டர் கான்டி' என்று செல்லப் பெயர். பிரான்ஸ் நாட்டில் பர்கண்டி பகுதியில் 'ரோமனே கான்டி' என்று ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. மொத்தமே நாலரை ஏக்கர்தான். அங்கே தயாராகும் ஒயின் உலகத்திலேயே அதிக விலை போகும் சரக்குகளில் ஒன்று. அதன் மேல் இவருக்குப் பைத்தியம். அதனால் இந்தப் பெயர்.

ரூடியின் சொத்து அவருடைய நாக்கு. லேபிளை மறைத்துவிட்டு ஒரு கிளாசை நீட்டினால் போதும். முகர்ந்து பார்ப்பார். ஒரு வாய் உறிஞ்சுவார். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று புட்டுப் புட்டு வைப்பார். பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

இது மாயமந்திரம் இல்லை. நெய்க் கடைக்காரர் புறங்கையில் ஒரு சொட்டைத் தேய்த்து முகர்ந்துவிட்டு 'இது கலப்படம்' என்று சொல்லவில்லையா? அதே வித்தைதான்.

ஒயின் ருசி பார்ப்பவர்கள் முதலில் குடிக்க மாட்டார்கள். கிளாசை வெள்ளைத் துணி மேல் சாய்த்து நிறத்தைப் பார்ப்பார்கள். புதுச் சிவப்பு ஒயின் நாவல்பழச் சாறு மாதிரி ஊதா கலந்து இருக்கும். வயசாக ஆக ஓரம் வெளிறி, செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளை ஒயின் கதை தலைகீழ். இளசாக இருக்கும்போது தண்ணீர் போல வெளுப்பு. பழசானால் பொன் நிறம். அதையும் தாண்டினால் பழுப்பு.

அடுத்தது மூக்கு. கிளாசைச் சுழற்றி விட்டு மோந்து பார்ப்பார்கள். இளம் ஒயினில் பழ வாசனை தூக்கும். நன்றாகப் பழுத்த ஒயினில் அது அடங்கி, மழை பெய்த மண், காளான், காய்ந்த சருகு, புகையிலை, தோல் பை போன்ற வாசனைகள் எழும். நனைந்த அட்டைப் பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். பாட்டில் எத்தனை ஆயிரம் டாலர் ஆனாலும் சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

கடைசியில்தான் நாக்கு. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து இறங்கும் துவர்ப்பு, புது ஒயினில் வாழைக்காயைக் கடித்த மாதிரி வாயைக் கட்டிப் போடும். ஆண்டுகள் போகப் போக அந்தத் துவர்ப்பு ஒன்றோடு ஒன்று சேர்ந்து வண்டலாக அடியில் தங்கிவிடும். ஒயின் மெதுவாகும். பட்டு மாதிரி இறங்கும் என்பார்கள். இறங்கும் என்று சொன்னாலும், தொழில்முறை ஆட்கள் விழுங்குவது இல்லை. வாயில் கொப்பளித்துப் பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பத்தாவது கிளாசில் ஆள் சாய்ந்துவிடுவார்!

எல்லா ஒயினும் பழசானால் நல்லது என்பது சும்மா பேச்சு. கடையில் விற்கிற பெரும்பாலான பாட்டில்கள் சில வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியவை. தாக்குப் பிடிப்பவை சிலதான். பிராந்தி சேர்த்துச் செய்யும் போர்ட் ஒயின் பல பத்து ஆண்டு கிடக்கும். சூடு காட்டிப் பக்குவப்படுத்தும் மதீரா நூறு வருஷம் தாண்டியும் நிற்கும்.

கண் செய்யும் மோசம்

இவ்வளவு பயிற்சி இருந்தும் நாக்கை ஏமாற்றுவது பெரிய காரியம் இல்லை. பிரான்சில் போர்டோ நகரப் பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதை முகர்ந்துவிட்டு, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே சொன்னார்கள். இந்த ஆராய்ச்சி 2001-ல் வெளியானது. கண் சொன்னதை மூக்கு அப்படியே ஒப்பித்துவிட்டது.

சாயம் செய்த வேலையை, ரூடியின் கையில் லேபிள் செய்தது.

விருந்துகளில் அவர் நிஜமான பழைய பாட்டில்களையும் தாராளமாகத் திறந்து ஊற்றினார். நம்பிக்கை வளர்ந்தது. குடித்து முடித்த காலி பாட்டில்களை ரெஸ்டாரண்டிலிருந்து தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஞாபகார்த்தம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நம் ஊர் பழைய பேப்பர்க்காரரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பார்!

வீட்டில் சமையல் நடந்தது. 1945-ம் ஆண்டு 'மூத்தோன் ரோத்ஷில்ட்' ஒயினுக்கு அவர் எழுதி வைத்திருந்த பக்குவம் போலீசார் கையில் சிக்கியது. பாதி 1988-ம் ஆண்டு பிரெஞ்சு ஒயின். கால் பங்கு காற்றுப் பட்டுக் கிழடு தட்டிய போர்டோ ஒயின். மீதிக் கால் பங்கு கலிபோர்னியா நாபா பகுதிச் சரக்கு. கிழட்டு ஒயின் சருகு வாசனையைக் கொடுக்கும். இளசு பழ ருசியைக் கொடுக்கும். இத்தனை வருஷம் கழித்தும் இளமை குறையவில்லையே என்று குடித்தவர்கள் சொக்கிப் போனார்கள். பலே கணக்கு!

அசல் எப்படி இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1945-ல் ரோமனே கான்டி தோட்டத்தில் தயாரானது சுமார் 600 பாட்டில்தான். அதைக் குடித்துப் பார்த்தவர்களை எண்ணிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க அசல் இல்லாத இடத்தில் போலிக்கு ஏது பயம்?

2006-ம் ஆண்டு மட்டும் நியூயார்க்கில் நடந்த இரண்டு ஏலங்களில் அவர் சரக்கு சுமார் 3½ கோடி டாலருக்கு விலை போனது.

தேதி காட்டிக் கொடுத்தது

குட்டு உடைந்தது நாக்கால் அல்ல. வெறும் தேதியால்!

2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க்கில் மறுபடியும் ஏலம். பட்டியலில் பொன்சோ குடும்பத்தின் 'குளோ சான் தெனி' ஒயின் இடம் பெற்று இருந்தது. 1945 முதல் 1971 வரையிலான சரக்கு என்று போட்டிருந்தார்கள்.

தகவல் தெரிந்ததும் லோரான் பொன்சோ திடுக்கிட்டார். அவருடைய குடும்பம் அந்தப் பெயரில் ஒயின் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான். பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூட சர்டிபிகேட் கொடுத்த கதை!

பிரான்சிலிருந்து விமானம் ஏறி நேராக ஏல மண்டபத்துக்கே வந்துவிட்டார். அந்தப் பாட்டில்கள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. எங்கே வாங்கினீர்கள் என்று பிறகு ரூடியைக் கேட்டார். இந்தோனேசியாவில் ஒருவர் கொடுத்தார் என்று பெயரும் போன் நம்பரும் வந்தன. பொன்சோ துருவிப் பார்த்தார். எதுவும் உருப்படியாக இல்லை.

பணத்தைக் கொட்டி ஏமாந்த கோடீசுவரர் வில்லியம் கோக் 2009-ல் கோர்ட்டுக்குப் போனார். துப்பறிவாளர்களை வைத்து வலை விரித்தார். அரசு வக்கீல்களும் எப்.பி.ஐ.யும் களத்தில் இறங்கியதும் ஆட்டம் முடிந்தது.

10 ஆண்டு ஜெயில்

2013 டிசம்பரில் நியூயார்க் கோர்ட்டில் ரூடி குற்றவாளி என்று தீர்ப்பானது. ஒயின் மோசடிக்காக அமெரிக்காவில் விசாரித்துத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் இவர்தான். 2014 ஆகஸ்டு மாதம் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தார். ஏமாந்தவர்களுக்கு 2 கோடியே 84 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

யாரும் சாகவில்லையே, யாருக்கும் வேலை போகவில்லையே என்று ரூடியின் வக்கீல் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. சாப்பிடுவதும் குடிப்பதும் பத்திரமானதுதான் என்ற நம்பிக்கை ஜனங்களுக்கு வேண்டாமா என்பது நீதிபதியின் கட்சி. ஏமாந்தவர்கள் பணமூட்டைகள்தான். அவர்களுக்காகக் கண்ணீர் விட ஆள் குறைவு. ஆனாலும் லேபிளை நம்பித்தான் எண்ணெயும் வாங்குகிறோம், மருந்தும் வாங்குகிறோம்.

கைப்பற்றியதில் போலி என்று தெரிந்த 500-க்கும் மேற்பட்ட பாட்டில்களை 2015 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் உடைத்து அழித்தார்கள். அசல் சரக்கு என்று தேறியதை அரசே ஏலம் விட்டது.

2021 ஏப்ரல் மாதம் ரூடியை விமானத்தில் ஏற்றி இந்தோனேசியாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. 2023-ல் சிங்கப்பூரில் ஒரு விருந்து நடந்ததாகச் செய்தி வெளியானது. விலை உயர்ந்த பிரெஞ்சு ஒயின்களை மேசையில் வைத்து, அதே மாதிரி ருசியில் கலந்து தரும்படி ரூடியிடமே கேட்டார்களாம். இந்த முறை திருட்டுத்தனம் இல்லை, எல்லாம் வெளிப்படை. அசலும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றப்பட்டன.

வந்திருந்தவர்களுக்கு அதிகம் பிடித்தது ரூடி கலந்ததுதானாம்.