பகுதிநேர முதுநிலைப் பொறியியல் படிப்பு

பகுதிநேர முதுநிலைப் பொறியியல் படிப்பு என்பது, வேலையில் இருக்கும் பொறியாளர்கள் வேலையை விடாமல் கல்லூரிக்கு நேரில் சென்று எம்.இ. அல்லது எம்.டெக். பட்டம் பெறும் முறையாகும். பாடத்திட்டமும் பட்டமும் முழுநேரப் படிப்புக்கு உரியவையே. வகுப்பு நேரமும் படிப்புக் காலமும் மட்டுமே வேறுபடுகின்றன. இது தொலைநிலைக் கல்வி அன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் சேர்ந்து பட்டத்தையே இழந்தவர்களும் உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் முன் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்.

கால அளவும் வகுப்பு முறையும்

அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளின்படி முழுநேர எம்.இ., எம்.டெக். படிப்புகள் 4 பருவங்கள், அதாவது 2 ஆண்டுகள் கொண்டவை. பகுதிநேரப் படிப்பு 6 பருவங்கள், அதாவது 3 ஆண்டுகள் கொண்டது. முழுநேர மாணவர் அதிகபட்சம் 8 பருவங்களுக்குள்ளும், பகுதிநேர மாணவர் 12 பருவங்களுக்குள்ளும் படிப்பை முடிக்க வேண்டும்.

பகுதிநேரப் படிப்பில் இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது பகல்நேர முறை. இதில் முழுநேர மாணவர்களுடன் அமர்ந்து, ஒரு பருவத்துக்குச் சில பாடங்களை மட்டும் படிக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இது ஏற்றது. இரண்டாவது மாலைநேர முறை. இதில் அலுவலக நேரம் முடிந்த பின் வகுப்புகள் நடக்கும். ஒரு முறையில் சேர்ந்தபின் இடையில் மற்றொரு முறைக்கு மாற விதிகள் இடம் தருவதில்லை.

தொடக்கப் பருவங்களில் எழுத்துத் தேர்வுப் பாடங்களும், இறுதி இரு பருவங்களில் இரண்டு கட்டங்களாக ஆய்வுத் திட்டப்பணியும் அமைந்திருக்கும். வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதி வேலைக்குச் செல்வோருக்கும் பொருந்தும். பகுதிநேர மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுவே. வேலைநேர மாற்றம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், வெளியூர்ப் பணி ஆகியவற்றால் வகுப்புகள் தவறிப்போகின்றன. பாடம் புரிந்திருந்தாலும் வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகளின்படி, பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்புப் பெற்றிருக்க வேண்டும். எனவே கற்பித்தல் துறைக்கு வர விரும்புவோருக்கு எம்.இ. கட்டாயமாகிறது. கட்டட வடிவமைப்பு, மின்னாற்றல், உற்பத்தித் துறைகளில் பணிபுரிவோருக்கு இது துறை அறிவை ஆழப்படுத்த உதவுகிறது.

பொருளாதாரக் காரணமும் உண்டு. கேட் தேர்வில் தகுதி பெற்று முழுநேரப் படிப்பில் சேர்வோருக்கு மேற்கண்ட குழு மாதம் ரூ.12,400 உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. பகுதிநேர மாணவர்களுக்கு இது கிடைக்காது. ஆனால் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழக்க முடியாத குடும்பங்களுக்கு, உதவித்தொகையைவிட வேலையே பெரிது. வீட்டில் முதல் பட்டதாரியாகி, கல்விக் கடனையும் அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பகுதிநேரப் படிப்பு மட்டுமே வழியாக இருக்கலாம்.

சேர்க்கை

இளநிலைப் பொறியியலில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு. தமிழ்நாட்டில் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கு முன்பு டான்செட் தேர்வு நடந்தது. 2023 முதல் சீட்டா பிஜி என்ற தனித் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. இதில் பொறியியல் கணிதம், அடிப்படைப் பொறியியல், துறைசார் பாடம் என மூன்று பகுதிகள் உள்ளன. பகுதிநேர இடங்களுக்கு இவற்றுடன் பணி அனுபவச் சான்றும், வேலை தருபவரின் தடையின்மைச் சான்றும் கேட்கப்படுவது வழக்கம். பணியிடத்துக்கும் கல்லூரிக்கும் இடையிலான தூரத்துக்கு வரம்பு உண்டா என்பதையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூரம் என்னும் சிக்கல்

தமிழ்நாட்டில் சேத்துப்பட்டு என்ற பெயரில் இரண்டு ஊர்கள் அறியப்பட்டவை. ஒன்று சென்னை நகருக்குள் உள்ளது. அங்கு வசிப்பவர் வேலை முடிந்து, மாலையில் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நகரப் பேருந்திலோ ரயிலிலோ சென்றுவிடலாம். மற்றொன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்குத் தெற்கே உள்ளது. அங்கிருந்து கிண்டி நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி ஒன்று உள்ளது. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. ஆனால் கல்லூரி அருகில் இருப்பது மட்டும் போதாது. விரும்பும் பிரிவில் அந்த ஆண்டு பகுதிநேர இடம் உள்ளதா என்பதே முக்கியம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சேத்துப்பட்டிலிருந்து வேலூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேருந்தில் ஒருவழிக்கு 2 மணி நேரம் என்று கொண்டால், வாரம் 5 நாள் வகுப்புக்குப் பயணம் மட்டும் 20 மணி நேரம். படிப்பதற்கான நேரம் இதில் சேரவில்லை. கல்லூரியில் இடம் கிடைப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பணியிட மாற்றம் கேட்டுப் பெறுவது, கல்லூரி உள்ள ஊரிலேயே தங்குவது ஆகியவை சிலருக்கு உதவும்.

தொலைநிலைப் பட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்

தூரத்தைக் காரணம் காட்டியே தொலைநிலைப் பொறியியல் பட்டங்கள் பரவின. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இதில் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்று உட்பட 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் தனித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து செய்யப்பட்டன. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பெற்ற பதவி உயர்வுகளும் கேள்விக்குள்ளாயின.

வேலையில் இருப்போருக்கான இணையவழிப் படிப்புகள் அனைத்தும் இத்தகையவை அல்ல. சென்னை ஐஐடி பணிபுரிவோருக்கு இணையவழி எம்.டெக். நடத்துகிறது. பிலானியில் உள்ள பிட்ஸ் 1979 முதல் பணியோடு இணைந்த கற்றல் திட்டங்களை நடத்தி வருகிறது. கல்லூரிக்கு நாள்தோறும் செல்ல இயலாத ஊர்களில் உள்ளவர்கள் இவற்றைக் கருதலாம். ஆனால் கட்டணத்தையும், தாம் எதிர்பார்க்கும் வேலைக்கு அப்பட்டம் ஏற்கப்படுமா என்பதையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

சேரும் முன் சரிபார்க்க வேண்டியவை

- அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, பகுதிநேர முறைக்கு ஒப்புதல் உள்ளதா?
- பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்?
- வகுப்புகள் பகலிலா, மாலையிலா? வாரத்தில் எத்தனை நாள்?
- தேர்வு நாட்களுக்கும் திட்டப்பணிக்கும் அலுவலகம் விடுப்புத் தருமா? எழுத்துவழி அனுமதி கிடைக்குமா?
- அரசுப் பணியாளராயின், மேற்படிப்புக்குத் துறையின் முன் அனுமதி பெறப்பட்டதா?

இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைத்த பின் கட்டணம் செலுத்துவதே பாதுகாப்பு. வேலைக்கு நடுவே படிக்கும் மூன்று ஆண்டுகள் எளிதில் திரும்பக் கிடைப்பவை அல்ல.