டைனமோவுக்கு ஜாதகப் பொருத்தம்!

பி.காம். படித்தவனுக்கு வரவு-செலவு தெரியும். அதை நம்பி ஜீப்பில் கை வைத்ததுதான் தப்பு!

நண்பனின் அப்பா விட்டுப்போன பழைய வில்லிஸ். கட்-அவுட் (அதாங்க, வோல்டேஜ் ரெகுலேட்டர்) அவுட். "நான் பார்த்துக்கறேன்டா" என்று சென்னை புதுப்பேட்டையில் பேரம் பேசி ஒரு லூகாஸ் டப்பாவைப் பிடித்தேன். டைனமோ 12 வோல்ட், டப்பாவும் 12 வோல்ட். டாலி!

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானலுக்குப் பகலில் ஜோராகப் போனோம். திரும்பும்போது இருட்டு, மூடுபனி. லிரில் ஃபால்ஸ் என்று ஊரே அழைக்கும் பாம்பாறு அருவிப் பக்கம் வருவதற்குள் ஹெட்லைட் அகல் விளக்காகிவிட்டது. இக்னிஷனுக்கும் அதே பேட்டரிதான். என்ஜின் நின்றால் அவ்வளவுதான். ஒரு பக்கம் பள்ளம். நான் இறங்கி டார்ச்சோடு முன்னால் நடக்க, ஜீப் பின்னால் ஊர்ந்தது. ஹாரன் அடிக்கவும் பயம்! "அப்பாவோட வண்டிடா" என்றான் நண்பன். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மூஞ்சிக்கல்லில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"தம்பி, இது அம்பாசடர் வீட்டு மாப்பிள்ளை. அமெரிக்காக்காரிக்குக் கட்டி வச்சிருக்கீங்களே!"

டைனமோவுக்குள் இருக்கும் ஃபீல்டு காயிலில் கரண்ட் ஓடினால்தான் காந்தம். காந்தம் இருந்தால்தான் சார்ஜ். லூகாஸ் டைனமோவில் அந்தக் காயிலின் ஒரு நுனி உள்ளேயே எர்த். மறு நுனிக்கு ரெகுலேட்டர் கரண்ட் தரும். வில்லிஸின் ஆட்டோலைட் டைனமோவில் தலைகீழ். கரண்ட் உள்ளேயே கிடைத்துவிடும். ரெகுலேட்டர் தரவேண்டியது எர்த். நான் சேர்த்த ஜோடியில் இரண்டு நுனியிலும் கரண்ட், எர்த் தர ஆளில்லை. அப்புறம் எங்கே ஓடும்?

ஃபீல்டு வயரைக் கழற்றி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, டைனமோவின் ஃபீல்டு முனையை ஒரு நொடி பாடியோடு சேர்த்தார். ஆம்ப் மீட்டர் முள் துள்ளியது. டைனமோ நிரபராதி!

"வோல்ட்டு மட்டும் பார்த்தாப் போதாது தம்பி. டைனமோ எத்தனை ஆம்பியர் தாங்கும்னும் பார்க்கணும். அதுக்கு மேல இழுத்தா ஆர்மேச்சர் கருகிடும்."

பொருத்தமான ரெகுலேட்டரை மாட்டினார். ஸ்டார்ட் செய்யும் முன் அதன் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் தொட்டு எடுத்தார். சின்னப் பொறி. டைனமோவுக்கு பிளஸ், மைனஸ் திசையை ஞாபகப்படுத்தும் சடங்காம். "தாலி கட்டியாச்சு" என்றார்.

பில் என் தலையில். நியாயம்தானே?

அன்று இரவு நண்பன் வேண்டுமென்றே மறுபடி வட்டக்கானலுக்கு வண்டியைத் திருப்பினான். ஹெட்லைட் போட்டான். ஹாரனும் அடித்தான், தேவையே இல்லாமல். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. ஆம்ப் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் பிளஸ் பக்கமே நின்றது.