ஃபைரிஷ் குன்றில் நாகப்பட்டினத்துக் கோட்டைவாசல்

சென்னை தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ நமக்குத் தெரிந்தவர். அவர் தாமஸ். இவர் ஹெக்டர் மன்றோ. ஸ்காட்லாந்தின் வடக்கே, ராஸ் வட்டாரத்தில் நோவார் என்ற ஜமீனுக்கு உரியவர். 1764-ல் பக்சார் போரில் வென்று பெயரெடுத்தவர். அதற்குச் சற்று முன், கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தவரும் அவரே.

தமிழ் மண்ணில் அவர் கண்டது ஏறுமுகமும் இறங்குமுகமும். 1778-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார். 1780-ல் புள்ளலூரில் சக தளபதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கியபோது, பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். மறு ஆண்டு நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தார். ஊர் போனதும் கல்லில் எழுப்பிக்கொண்டது இந்த வெற்றியைத்தான். புள்ளலூரைச் சுவரில் தீட்டிவைக்கும் வேலையைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் பார்த்துக்கொண்டார்.

குரோமார்ட்டி கடற்கழியைப் பார்த்து நிற்கும் ஃபைரிஷ் குன்றின் உயரம் 453 மீட்டர். அதன் உச்சியில் வளைவுகளோடு நிற்கிறது நாகப்பட்டினத்துக் கோட்டைவாசலின் நகல். வேலையில்லாத குடிகளுக்குக் கூலி கொடுக்கவே அதைக் கட்டினாராம். கூலி நாட்கள் கூட வேண்டுமென்று, மேலே ஏற்றிய கற்களை அவரே அடிவாரத்துக்கு உருட்டிவிட்டார் என்பது ஊர்க்கதை. கேட்க இனிக்கிறது. ஆனால் சும்மா கொடுக்க மனம் வராத வள்ளல் இவர். அதோடு, அவருடைய கில்டர்மோரி நிலம் பின்னாளில் வெளியூர் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்குப் போனது. மேய்ச்சல் இழந்த மக்கள் 1792-ல் ஆயிரக்கணக்கான ஆடுகளைத் தெற்கே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அடக்க வந்தது 42-ஆம் ரெஜிமென்ட். அதன் கர்னல் சாட்சாத் ஹெக்டர் மன்றோ! ‘ஆட்டு வருஷம்’ என்றே அந்த ஆண்டுக்குப் பெயர் நிலைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் வங்காளத்தின் சாகர் தீவில் அவர் மகனைப் புலி அடித்துக் கொன்றது. வெள்ளைக்காரன் மேல் பாய்ந்து உறுமும் திப்புவின் மரப்புலிக்கு இதுதான் தூண்டுதல் என்று நெடுநாளாகச் சொல்கிறார்கள். அந்தப் பொம்மை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹெக்டருக்குப் பின் சொத்து தம்பி அலெக்சாண்டருக்குப் போனது. பிற்கால வாரிசுகளில் ஒருவர் ஓவியர் டர்னரின் நண்பர். டர்னரின் படங்களை வாங்கிக் குவித்தவர். இன்னொருவரான ரொனால்ட் மன்றோ பெர்குசன் 1914 முதல் 1920 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். அவருக்குக் காடு வளர்ப்பில்தான் பித்து. மரம் வளர்த்த நோவாரில் 1997 முதல் காற்றாலைகளும் சுழல்கின்றன.