ஆப்பிள் தோப்பு மண்புழு: அன்றும் இன்றும்

இங்கிலாந்தின் ஆப்பிள் தோப்புகளில் இலை உதிர்ந்தபின் இரவு வேலைக்கு வருவது மண்புழு. ஆழமாக நேர்குத்தாய் வளை தோண்டி வாழும் பெரிய இனம் அது. மேலே எட்டிப்பார்த்து, சருகைக் கவ்வி வளைக்குள் இழுத்துப் போகும். இந்த இழுவையை நுணுகிப் பார்த்து 1881இல் டார்வின் ஒரு நூலே எழுதினார். புழு செழித்த தோப்பில், உதிர்ந்த இலையில் 90 விழுக்காட்டுக்கு மேல் குளிர்காலம் முடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடும் என்று 1960களின் தொடக்கத்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கண்டறிந்தார்கள்.

தோட்டக்காரருக்கு இது பெரிய லாபம். ஆப்பிளைப் பாழாக்கும் சொறிநோய்ப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது அந்தச் சருகில்தான். வசந்தத்தில் அங்கிருந்தே வித்துகள் கிளம்பித் தளிரைத் தொற்றும்.

அதே நோய்க்கென்று ஆண்டுதோறும் செம்பு மருந்துகளை அடித்தார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அதில் ஒன்று. நம்மூர்க் காப்பி, திராட்சைத் தோட்டங்களுக்கும் பழகிய மருந்துதான். செம்பு மக்காது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். செம்பு ஏறிய பழைய தோப்புகளில் புழு அருகி, சருகு மெத்தையாகப் படிந்து கிடந்தது. 1970களில் பரவிய பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லி இன்னும் மோசம். குறைந்த அளவு அடித்தாலே புழுவைக் கொன்றது; பிழைத்தவையும் மருந்து பட்ட இலையைத் தின்ன மறுத்தன. நோயை அடக்க வந்த மருந்து, நோய் தங்கும் சருகை அள்ளிய ஆளையே ஒழித்தது. பிறகு மருந்து அடிக்காமல் எப்படி இருப்பது?

பெனோமிலை அதன் உற்பத்தியாளரே 2001இல் கைவிட்டார். இன்று சருகை மட்கவைக்க, இலை உதிரும் பருவத்தில் 5 சத யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். எந்திரம் ஓட்டிச் சருகைத் தூளாக்குகிறார்கள். புழு கூலி வாங்காமல் பார்த்த வேலைக்கு இப்போது டீசல் செலவு. மரத்தடியில் களைக்கொல்லி அடித்து வெறுமண்ணாக வைக்கும் வழக்கமும் பல தோப்புகளில் தொடர்கிறது. அங்கே புழுவுக்குத் தின்னவும் ஒன்றுமில்லை, வெயிலுக்கு மறைவும் இல்லை. வைக்கோல் மூடாக்கு போடுகிறவர்கள் தேவலை.

வேடிக்கை என்னவென்றால், இயற்கை வேளாண்மைக்கு ஐரோப்பா இன்றும் செம்பை அனுமதிக்கிறது. 7 ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ என்ற உச்சவரம்போடு. வரம்புக்குள் அடித்தாலும் சேருவது சேரும்தான்.

பல்லாண்டு போர்டோ கலவை அடித்த நிலத்தை வாங்கப்போகிறவர்கள், மண் பரிசோதனையில் செம்பின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.